தஞ்சாவூர் ஓடுதளமும் மூச்சுத் திணறிய விமானமும்

தஞ்சாவூர் விமானத் தளம் என்றதும் பலருக்கும் 2020 ஜனவரியில் வந்த சுகோய் விமானங்கள்தான் ஞாபகம் வரும். அந்த ஓடுதளத்தின் கதை பழசு. மலாயாவிலும் ஜாவாவிலும் ஜப்பானியரிடம் சிக்கி அழிந்துபோன பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்க்வாட்ரன், 1942 அக்டோபரில் மறுபடி உருவானது தஞ்சாவூரில்தான். கிடைத்தவை இரட்டை என்ஜின் வெலிங்டன்கள். வேலை, வங்கக்கடலில் நீர்மூழ்கிகளைத் தேடுவது. 1943 நடுவில் அல்ஜீரியாவுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கடல்மேல் தாழப் பறந்தவர்களுக்குக் காற்றுப் பஞ்சம் இல்லை. அதே வெலிங்டனை 40,000 அடிக்கு ஏற்ற நினைத்தபோதுதான் சிக்கல். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. என்ஜினும் திணறும், மனுஷனும் திணறுவான். ஆறாம் மாடலில் இரண்டுக்கும் வழி செய்தார்கள். மெர்லின் என்ஜினுக்கு, காற்றை இரண்டு கட்டமாக அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர். ஆட்களுக்கு, மூக்குப் பகுதியில் காற்றடைத்த தனி உலோக அறை. துணி போர்த்திய கூண்டு உடம்பில் காற்று எப்படி நிற்கும்? அறுபதுக்கும் மேல் கட்டியும் குண்டுவீச்சுக்கு ஒன்றும் பயன்படவில்லை. நல்ல நஷ்டக் கணக்கு!

சூப்பர்சார்ஜர் என்ஜினின் சக்தியிலேயே பங்கு கேட்கும். டர்போசார்ஜரோ வீணாய்ப் போகும் புகையில் சுழலும். 1990-களில் வீட்டு ஷெட்டில் கட்டிக்கொள்ளும் கிட்டாக வந்த லான்சேர் 4-பி என்ற நான்கு சீட் குட்டி விமானத்தில் இரண்டு டர்போ உண்டு. அவை அழுத்தும் காற்றில் ஒரு பங்கு நேராக அறைக்குள் போகும். 24,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருப்பவர்கள் சுவாசிப்பது ஊட்டியைவிடச் சற்றே மெல்லிய காற்றுதான்.