தேயிலை மலையில் ஆங்கிலக் கதை: அயல்மொழிக் கதையைப் புரிந்துகொள்ளுதல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் நகரைக் கடந்து மேலேறும் பாதை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை நோக்கிச் செல்கிறது. இம்மலைச் சரிவுகளில் கொழுந்து பறித்த தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகள் தலைமுறைகளாக ஆங்கிலக் கதைகளின் முன் அமர்ந்து வந்துள்ளனர். கதையின் சொற்கள் யாவும் தெரிந்திருந்தும் கதை விளங்காமற்போவதும், சொற்கள் பல தெரியாதிருந்தும் கதை நெஞ்சில் தைத்துவிடுவதும் ஆசிரியர் பலர் கண்ட உண்மைகள். இவ்விரண்டும் எவ்வாறு நேர்கின்றன என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரே மலை, இருவகைப் பள்ளிகள்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த இம்மேட்டுநிலம், 1920களின் இறுதியில்தான் தேயிலை நிலமாக மாறத் தொடங்கியது. ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துக் கன்று நடும் பணியில் தமிழர் ஈடுபட்டனர், லயங்கள் எழுந்தன, பிள்ளைகள் பிறந்தனர். கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் கடமையை உரிமையாளர்மீது சுமத்தியிருந்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகளில் தமிழ் எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலத்திற்குப் பெரும்பாலும் இடமில்லை.

அதே மலையில் 1934இல் ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் அம்மையார், ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கென உறைவிடப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1950களில் பிரித்தானியப் படையினரின் பிள்ளைகளுக்கெனத் தானா ராத்தாவில் ஸ்லிம் பள்ளி நடைபெற்றது. அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கதை தம் வீட்டுக் கதை. தாயகத்தை நேரிற் கண்டிராத பிள்ளையும் பெற்றோரின் பேச்சிலும் உணவு மேசையிலும் அக்கதையின் உலகை அறிந்திருந்தது. லயத்துப் பிள்ளைக்கோ அது தந்தையின் மேலதிகாரி பேசும் மொழியிலிருந்த கதை. இரு பள்ளிகளையும் பிரித்த தொலைவு சில கல். கதைக்கும் வாசகருக்கும் இடையிலிருந்த தொலைவு அதனினும் பெரிது.

வெள்ளையர் தமிழ் கற்ற காலம்

இத்தொலைவு தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயர் நம் மொழியைக் கற்க வந்தபோது அவர்களும் இதனை எதிர்கொண்டனர். 1812இல் சென்னையில் தொடங்கப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கும்பினியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பித்தது. அங்குத் தமிழாசிரியராக விளங்கிய தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழ் உரைநடையில் பெயர்த்தளித்தார். அந்நூல் 1826இல் அச்சேறியது. அதற்கு முன்னரே, 1822இல், வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையைப் பெஞ்சமின் பாபிங்டன் இலண்டனில் பதிப்பித்திருந்தார். தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் முதற்கதைக்கு இலக்கணப் பகுப்பும் அதில் இடம்பெற்றன.

ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதிக்கும் சீடரையும், தம்மை விட்டுவிட்டுப் பிறரை எண்ணி ஒருவர் குறைகிறார் என்று அழும் சீடரையும் நாம் அறிவோம். அவர்தம் மடமை எந்நாட்டவரையும் நகைக்க வைக்கும். ஆயின், குரு என்னும் சொல்லுக்கு நம் மண்ணில் உள்ள மதிப்பை அறிந்தவனுக்கே அந்நகையின் முழுக்கூர்மை புலப்படும். அதனை இலக்கணப் பகுப்பு தராது. அருகிலிருந்து விளக்க முன்ஷி ஒருவர் வேண்டியிருந்தார். அவர் மாணவரின் மொழியையும் அறிந்தவராயிருப்பின் பயன் இருமடங்காயிற்று. அயல்மொழிக் கதையைக் கற்கும் வெள்ளையருக்குத் தாய்மொழித் துணை தேவை என்பதில் அக்காலத்தார்க்கு ஐயமே எழவில்லை என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்வோம்.

சொல்லை எண்ணிய காலம்

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலம் கற்பித்தல் தனித் துறையாக வளர்ந்தது. வங்காளத்தின் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், தம் மாணவர் வாசிக்க இயலாமைக்குப் பாடநூல்களிற் குவிந்த அருஞ்சொற்களே காரணம் எனக் கண்டார். அடிக்கடி வழங்கும் சொற்களைத் தேர்ந்து, புதுச்சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தும் வாசிப்பு நூல்களை உருவாக்கினார். ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட அவருடைய பொதுச்சொற் பட்டியல் 1953இல் வெளிவந்தது. பேருதவி புரிந்த முயற்சி அது. இன்றும் எளிமையாக்கப்பட்ட கதைநூல்கள் அவ்வழியிலேயே எழுதப்படுகின்றன. எனினும், சொல்லை அறிந்தால் கதையை அறிந்ததாகும் என்னும் எண்ணமும் அவற்றோடு சேர்ந்தே வகுப்பறைக்குள் நுழைந்தது.

அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் வேறோர் உண்மையை வெளிப்படுத்தினார். வட அமெரிக்கத் தொல்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலத்திலேயே படிக்கச் செய்து, பின்னர் நினைவிலிருந்து எழுதச் சொன்னார். படித்தோர் கதையைத் தம் உலகிற்கேற்ப மாற்றினர். தமக்குப் பொருந்தாத பகுதிகளை விட்டனர். கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. 1932இல் வெளிவந்த அவரது நூல், வாசித்தல் என்பது பெற்றுக்கொள்வது மட்டுமன்று, கட்டியெழுப்புவதும் ஆகும் என்பதை உணர்த்தியது.

1979இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று நமக்கு இன்னும் அணுக்கமானது. இந்தியரும் அமெரிக்கரும் இரண்டு திருமணங்களைப் பற்றிய மடல்களை ஆங்கிலத்திற் படித்தனர். ஒவ்வொருவரும் தம் நாட்டுத் திருமண மடலை விரைந்து படித்தனர், மிகுதியாக நினைவுகூர்ந்தனர். அமெரிக்க மணமகள் தன் பாட்டியின் மணவுடையை அணிந்தாள் என்ற செய்தி, அமெரிக்கருக்குக் குடும்பப் பெருமை. இந்திய வாசகர் ஒருவரோ, உடை பழையது, வழக்கொழிந்தது என்று குறையாகக் கொண்டார். ஆங்கிலச் சொல் எதுவும் அவருக்குத் தெரியாததன்று. கதை சொல்லாமல் விட்ட வழக்கமே அவருக்குத் தெரியாதது.

தேநீரும் கழுத்தணியும்

இவ்வுண்மையோடு பிரிஞ்சாங்கிற்கு மீள்வோம். ஆங்கிலச் சிறுவர் கதையில் வரும் மூடுபனி, ரோசா, ஸ்ட்ராபெரி, முட்டைக்கோசு ஆகியவை சமவெளிப் பிள்ளைக்குப் படத்திற் கண்ட பொருள்கள். இம்மலைப் பிள்ளைக்கோ அன்றாடக் காட்சிகள். எனவே பொருள்களை அறியாமையே தடை என்று இங்குக் கூற இயலாது.

தேநீர் என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். விளையாடும் பிள்ளைகளைத் தாய் தேநீருக்கு அழைக்கிறாள்; அவர்கள் ஓடிவருகின்றனர்; வராதவன் தண்டிக்கப்பட்டுப் பட்டினியாக உறங்கச் செல்கிறான். ஆங்கிலக் கதைகளில் இத்தகைய காட்சி புதிதன்று. தேயிலையின் செடி, கொழுந்து, நிறுவை, ஆலை மணம் அனைத்தையும் அறிந்த பிள்ளை இச்சொல்லில் தடுமாறாது. ஆயின் ஒரு குவளைத் தேநீரை இழந்தவன் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்பது அதற்கு விளங்காது. ஆங்கிலேய இல்லங்கள் பலவற்றில் அச்சொல், ரொட்டியும் பிறவும் பரிமாறப்படும் மாலை உணவையே குறிக்கும் என்று கதை சொல்வதில்லை. தேயிலை மலையிற் பிறந்த பிள்ளையையே அச்சொல் ஏமாற்றுகிறது.

இதற்கு மறுதலையும் உண்டு. 2000ஆம் ஆண்டில் மலேசிய இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இலக்கியக் கூறு சேர்க்கப்பட்டபோது, மாப்பசானின் கழுத்தணிக் கதையும் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரவல் வாங்கிய நகையைத் தொலைத்த பெண், அதற்கு ஈடுசெய்யப் பெற்ற கடனைப் பத்தாண்டு உழைத்து அடைக்கிறாள். அந்நகை போலி என்பதை இறுதியிலேயே அறிகிறாள். பாரிஸ் நகரும் அமைச்சர் மாளிகை விருந்தும் நம் மாணவருக்கு அயலானவை. ஆயினும் திருமணத்திற்கு நகை இரவல் வாங்குவதும், அடகுக்கடைச் சீட்டும், ஊராரின் பேச்சுக்கு அஞ்சுவதும் அவர்கள் வீட்டிலேயே அறிந்தவை. அப்பெண் உண்மையை ஏன் மறைத்தாள் என்பதை எவரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அருகிலிருந்த சொல் கதையைத் தொலைவாக்கியது. தொலைவிலிருந்த கதையோ அருகில் வந்தது. கதை விளங்குவதும் விளங்காததும் அது பேசாமல் விடும் இடங்களிலேயே முடிவாகின்றன. அவ்விடங்களை வாசகர் தம் வாழ்வறிவால் நிரப்புகிறார்.

ஆசிரியர் கடமை

1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வியமைப்புக்குள் கொணர்ந்தன. தமிழில் ஆறாண்டு பயின்று, மலாயை ஊடகமாகக் கொண்ட இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவருக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி. கதையை வாசித்து, வினாக்களுக்கு விடையெழுதி, மதிப்பெண் பெறுவதே அவர்தம் பயிற்சியாயிற்று. யார், எங்கே, எப்பொழுது என்னும் வினாக்களுக்குக் கதை விளங்காமலே விடையெழுதலாம். வினாவின் சொல்லைக் கதையில் தேடி அவ்வரியைப் பெயர்த்தெழுதினால் போதும். ஏன் என்னும் வினாவில்தான் மாணவர் தவறுகின்றனர். வழக்கம் ஒன்றை அறியாமை அங்கு மொழித்திறக் குறையாகக் கணக்கிடப்படுகிறது. தனக்கு ஆங்கிலம் வராது என்ற முடிவோடு அம்மாணவர் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். நாம் அஞ்ச வேண்டியது இவ்விழப்பையே.

வகுப்பில் ஆங்கிலமன்றி வேறுமொழி ஒலிக்கலாகாது என்போரின் கருத்திலும் நியாயம் உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஆங்கிலம் கேட்கும் இடம் அவ்வகுப்பு ஒன்றே எனின், அதன் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. எனினும், கதையைத் தொடங்குமுன் அதன் பேசாத வழக்கங்களைத் தமிழில் பத்து நிமிடம் எடுத்துரைப்பது எஞ்சிய நேரத்தைப் பயனுடையதாக்கும். படித்து முடித்தபின், பாட்டிக்குச் சொல்வதுபோல் அக்கதையைத் தமிழில் திருப்பிச் சொல்லச் செய்தால், விளங்காத இடம் எதுவென ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். பிள்ளை எங்குத் தயங்குகிறதோ, எங்குக் கதையை மாற்றுகிறதோ, அங்கே பாடம் தொடங்க வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். விளங்காத கதையைக் கண்டு உங்கள் அறிவை ஐயுறாதீர்கள். இக்கதை எதனைச் சொல்லாமல் விட்டது என்று கேளுங்கள். கோட்டைக் கல்லூரியில் நம் கதைகளைப் பயின்ற வெள்ளையரும் அதனைக் கேட்டே அறிந்தனர். அவர்களுக்கு விடைசொல்ல அருகில் ஒரு முன்ஷி இருந்தார். தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்விடத்தில் இருக்க வேண்டியவர் நம் ஆசிரியரே.