துகளா, அயனியா? நன்னீர் நுண்பாசிகளில் உலோக நானோ துகளின் நச்சை அளப்பது குறித்து

தாமிர நாணயம் கிடந்த நீரில் ஸ்பைரோகைரா பாசியிழைகள் மடிவதைக் கண்டவர் சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் கார்ல் நேகலி. அவர் மறைந்து ஈராண்டு கழித்து, 1893இல், அந்த ஆய்வு அச்சேறியது. நாணயத்தை எடுத்த பிறகும் நீரின் நச்சு போகவில்லை. அந்த நீரைக் கொட்டிவிட்டு நல்ல நீர் ஊற்றினாலும் பாசி மடிந்தது. கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த உலோகத்தை அமிலத்தால் கழுவி நீக்கிய பின்புதான் பாத்திரம் சாதுவானது. கொல்வது திண்மமா, அதிலிருந்து கரைந்து வருவதா என்ற கேள்வி நானோ துகள்களோடு பிறந்ததன்று.

இக்கேள்விக்கான விடை, நச்சின் அளவை எந்த எண்ணால் குறிக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். நுண்பாசி ஆய்வுகள் பல, நீரில் இட்ட உலோகத்தின் மொத்த எடையையே அளவாகக் கொள்கின்றன. அந்த எண் பாசி சந்திக்கும் நஞ்சைக் காட்டுவதில்லை.

2008இல் என்ரிக் நவாரோவும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். கிளமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டி என்னும் ஒருசெல் பசும்பாசியை ஒருபுறம் வெள்ளி நைட்ரேட்டிலும் மறுபுறம் வெள்ளி நானோ துகளிலும் வைத்து, ஒரு மணி நேரத்தில் ஒளிச்சேர்க்கை எவ்வளவு குன்றுகிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலான துகள்கள் 25 நானோமீட்டர் அளவின. மொத்த வெள்ளியைக் கணக்கிட்டால், ஒளிச்சேர்க்கையைப் பாதியாக்க நைட்ரேட்டில் 188 நானோமோலார் போதும். துகளுக்கோ 3,300 வேண்டியிருந்தது. அதாவது துகள் ஏறத்தாழ 18 மடங்கு சாது. ஆனால் துகள் கலந்த நீரில் அயனியாக இருந்தது மொத்த வெள்ளியில் 1 விழுக்காடு அளவே. அந்த அயனியை மட்டும் கணக்கில் கொண்டதும் நைட்ரேட்டுக்கு 184, துகளுக்கு 33 என்று வரிசை தலைகீழானது. பாசியும் சோதனையும் ஒன்றே. அளவை மாற்றியதும் சாதுவானது கொடியதாயிற்று.

வெள்ளி அயனியை இறுகப் பற்றும் சிஸ்டீனைச் சேர்த்தபோது இரண்டின் தீங்கும் அடியோடு நின்றது. ஆகவே நச்சு அயனி வழியே வருகிறது, பாசியின் அருகில் துகள் மேலும் அயனியை விடுகிறது என்பது ஆய்வாளர்களின் முடிவு. எனக்கு அது பெரிதும் ஏற்புடையதே. ஆனால் சிஸ்டீன் அயனியை மட்டும் பிடிப்பதில்லை; அதன் கந்தகம் துகளின் மேற்பரப்பிலும் ஒட்டும். எனவே துகள் குற்றமற்றது என்று அந்தச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. இன்னொன்றும் உண்டு. 33 என்பது குடுவை நீர் முழுவதற்குமான அளவு. செல்சுவரை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் எவ்வளவு அயனி இருந்தது என்பதை அது சொல்லாது.

எஸ்தோனிய ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆக்சைடு ஆய்வில் இதே சிக்கல் வேறு திசையில் தோன்றுகிறது. துத்தநாக ஆக்சைடில் நானோ துகளும் சாதாரணத் தூளும் லிட்டருக்கு 0.04 மில்லிகிராம் துத்தநாக அளவில், கரையும் உப்பைப் போலவே, பாசியின் வளர்ச்சியைப் பாதியாக்கின. அங்கே அயனியே எல்லாம், ஐயமில்லை. தாமிர ஆக்சைடிலோ நானோவுக்கு 0.71, தூளுக்கு 11.55 மில்லிகிராம். நானோ தாமிரத்தில் 25 விழுக்காடும் தூளில் 0.18 விழுக்காடும் உயிருக்கு எட்டும் நிலையில் இருந்ததாக, தாமிரத்தை உணர்ந்து காட்டும் உணரி நுண்ணுயிர்கள் காட்டின. ஆகவே இங்கும் அயனியே காரணம் என்று கொள்ளப்பட்டது. பெருக்கிப் பார்த்தால், பாதி விளைவின்போது எட்டக்கூடிய தாமிரம் நானோவில் சுமார் 0.18, தூளில் சுமார் 0.02 மில்லிகிராம். அயனி ஒன்றே காரணமென்றால் இவ்விரண்டும் ஏன் எட்டரை மடங்கு விலகி நிற்கின்றன? உணரி நுண்ணுயிருக்கு எட்டும் தாமிரமும் பாசிக்கு எட்டும் தாமிரமும் ஒன்றல்ல என்பது என் ஊகம்.

அனேகமாகக் கரையவே செய்யாத டைட்டானியம் டை ஆக்சைடு இந்தச் சட்டகத்துக்குள் அடங்காது. அதே ஆய்வில் அதன் நானோ துகள்கள் திரண்டு பாசிச் செல்களைச் சிறைப்பிடித்தன. அங்கே துகளே நேரடியாக வினைபுரிந்திருக்கலாம். அயனிக் கட்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

வழக்கமான 72 மணி நேர வளர்ச்சிச் சோதனையின் ஊடகத்தில் உலோகத்தைக் கவ்வும் ஈடிடிஏ சேர்க்கப்படுகிறது. பாசிக்கு இரும்பு கிடைக்க அது வேண்டும். சோதிக்கும் உலோகத்தின் அயனிகளையும் அது கவ்வுகிறது. நேகலியின் கண்ணாடிச் சுவரைப் போல இன்றைய குடுவையும் உலோகத்தை ஈர்த்துக்கொள்ளும். இட்ட எடையை மட்டும் குறிக்கும் ஆய்வில் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. தொடக்கத்திலும் முடிவிலும் கரைந்த பங்கை அளக்காத எந்தப் பாதி விளைவு எண்ணையும் ஒழுங்குமுறை அட்டவணையில் ஏற்கக் கூடாது என்பேன். அயனி அளவும் முழுமையானதன்று. ஆயினும் அதுவின்றி ஒப்பீட்டுக்கே இடமில்லை.

குடுவையைத் தாண்டி ஏரிக்குப் போனால் கணக்கு இன்னும் விரிகிறது. கனடாவின் ஆன்டாரியோவில், சோதனைக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளில் 222 என்ற எண்ணுடைய ஒன்றில் 2014, 2015 ஆண்டுகளில் வெள்ளி நானோ துகள்கள் கலக்கப்பட்டன. மிதவைப் பாசிக் கூட்டத்தில் நீடித்த மாற்றம் எதுவும் காணப்படவில்லை. இயற்கை நீரின் கரிமப் பொருளும் சல்ஃபைடும் வெள்ளி அயனியைக் கட்டிப்போடும் என்பதால் இது வியப்பன்று. ஆனால் அதே ஏரியில் மஞ்சள் பெர்ச் மீன்களின் எண்ணிக்கை குறைந்தது. அவை உண்ணும் இரையும் குறைந்தது. மூன்று நாள் பாசிக் குடுவையில் அதற்கான தடயம் எதுவும் அகப்பட்டிருக்காது.