மாதுங்கா அடுக்களையில் ரேஷன் காலம்

சென்ற ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் செம்பூரில் எங்கள் அகத்தில் என் மாட்டுப்பெண் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாள். இரண்டு குழந்தைகளுக்காகப் பாக்கெட்டில் வாங்கும் சிறுதானிய மாவு, ஓட்ஸ், பாலில் கலக்கும் பவுடர் என்று மட்டும் மாதாமாதம் ஆகும் தொகை என்னைத் திடுக்கிட வைத்தது. "அப்பா, பாட்டி உங்க அஞ்சு பேரையும் ஒரு குமாஸ்தா சம்பளத்துல எப்படித்தான் வளர்த்தா?" என்று கேட்டாள்.

வழக்கமான பதில் நாக்கு நுனியில் இருந்தது. "அந்தக் காலத்துச் சாப்பாடு, நம் பெரியவர்கள் வகுத்து வைத்தது" என்று சொல்லிவிடலாம். நானே பல கல்யாணப் பந்திகளில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நான் ரசாயனம் படித்தவன். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன். ஃபைலைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. அம்மாவின் கணக்கு நோட்டுகள் நான்கு என் பெட்டியில் இருக்கின்றன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நாளைய சரித்திரத்தையும் புரட்டிப் பார்த்தேன். கிடைத்த பதில் நான் சொல்லிவந்த பதில் அல்ல.

மாதுங்கா நம்மவர்கள் கட்டிய ஊர் அல்ல. 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. அதன் விளைவாக 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. நெரிசலைக் குறைக்க அது வடக்கே திட்டமிட்டு அமைத்த புறநகர்களில் தாதரும் மாதுங்காவும் முக்கியமானவை. டைப் அடிக்கவும் கணக்கு எழுதவும் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த நம்மவர்கள் அங்கே குடியேறினார்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1932-ல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டி என்று ஒவ்வொன்றாக வந்தன. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த பிரம்மசாரிகளுக்கும் அரை பிரம்மசாரிகளுக்கும் மெஸ்கள் சோறு போட்டன. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. வாழையிலையில் அளவில்லாத சாதம் என்று பெயர் வாங்கிய அந்த இடம் தொடங்கிய வருஷம்தான் அரிசிக்கே ஆபத்து வந்த வருஷம்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி வருவது அடியோடு நின்றது. பம்பாய் நகரம் அந்த அரிசியை நம்பியிருந்த ஊர். 1943 மே மாதம் இங்கே ரேஷன் அமலாயிற்று. இந்தியப் பெருநகரங்களில் இதுவே முதல். தொடக்கத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம். 1946-ல் அது 12 அவுன்ஸாகக் குறைந்தது. ஏறக்குறைய 340 கிராம். அதிலும் அரிசி ஒரு பங்குதான். மீதிக்குக் கோதுமை, சோளம், கம்பு. மூன்று வேளையும் அரிசி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா சொல்வார்: ரேஷன் கடை வாசலில் நம்மவர்கள் குஜராத்திக் குடும்பங்களிடம் கோதுமையைக் கொடுத்து அரிசி மாற்றிக்கொள்வார்களாம். ரகசியமாகத்தான். சட்டப்படி அது குற்றம்.

1954-ல் கட்டுப்பாடு விலகியது. நான் 1950-ல் பிறந்தவன். எனக்கு நினைவு தெரிந்து சில வருஷம் தாராளமாகச் சாதம் சாப்பிட்டோம். பிறகு 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. மீண்டும் கார்டு, மீண்டும் வரிசை. திங்கட்கிழமை இரவு ஒரு வேளை உணவை விட்டுக் கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டுக்கொண்டது 1965-ல். அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. கூடவே மைலோ என்ற சிவப்புச் சோளமும் வந்தது. வேக வைத்தால் வேகாது, மென்றால் மெல்ல முடியாது. அம்மா அதில் ஒரு தடவை இட்லி வார்த்தாள். அது உப்பவே இல்லை. "கல்லுக் குண்டு" என்று சொன்ன என் தம்பிக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் குன்னூருக்குப் போய்வர வேண்டும். ராபர்ட் மெக்காரிஸன் என்ற பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரி 1920-களில் அங்கே ஓர் ஆராய்ச்சி செய்தார். இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் சாப்பிடுவதையே தனித்தனிக் கூட்டமான எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்து முதலிடம் பெற்றன. வங்காளிகளின் உணவும் மதராஸிகளின் உணவும் கடைசியில் வந்தன. சீக்கியர் தட்டில் இருந்தது தவிட்டோடு அரைத்த கோதுமை ரொட்டி, பால், முளைகட்டிய கடலை, காய்கறி. நம் தட்டில் இருந்தது தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் இந்திய உணவுப் பொருள்களின் சத்துப் பட்டியலை 1937-ல் வெளியிட்டார். அந்தக் கூடம்தான் 1958-ல் ஹைதராபாதுக்கு மாறி, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. பிற்காலத்தில் டாக்டர் சி. கோபாலன் முதலானோர் விரிவாக்கிய அந்தப் பட்டியல்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் புரதம் 6.8 கிராம். கோதுமை மாவில் 12.1. கம்பில் 11.6. வேர்க்கடலையில் 25-க்கு மேல்.

ஆகவே ரேஷன் கடைக்காரர் எங்கள் அரிசியைப் பிடுங்கிக்கொண்டு கோதுமையும் கம்பும் கொடுத்தபோது, எலிகள் சொன்ன யோசனையைத்தான் எங்கள் மேல் திணித்திருக்கிறார். இது எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

அம்மா சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் போர்ஷன் மராட்டிக் காக்குவிடம் பாக்ரி தட்டக் கற்றுக்கொண்டாள். நரிப்பயறை ஈரத்துணியில் கட்டி முளைவிட வைத்து உசள் பண்ணக் கற்றதும் அவரிடம்தான். கோதுமையைத் தெருக்கோடிச் சக்கியில் கொடுத்து எங்கள் கண்ணெதிரே அரைத்துவருவோம், தவிடு போகாது. மாடி பாலக்காட்டு மாமி மொளகூட்டல் சொல்லிக்கொடுத்தாள். பருப்பு, காய், தேங்காய் மூன்றும் ஒரே பாத்திரத்தில் முடிந்துவிடும், நிலக்கரி மிச்சம். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' அலமாரியில் இருந்தது. 1951-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தைக் கல்யாணச் சீராகக் கொடுக்காத வீடு அந்த நாளில் குறைவு. ஆனால் அதில் மைலோவுக்கு வழி ஏது? அம்மாவே கண்டுபிடித்தாள். இட்லி வராதது அடையாக வந்தது. சாயங்காலம் பசிக்கு வேர்க்கடலையும் பொட்டுக்கடலையும் இடித்து வெல்லத்தோடு பிடித்த உருண்டை. பிஸ்கட் என்பது ஜுரம் வந்தால் மட்டும்.

தண்டவாளத்துக்கு அப்பால் இருந்த தாராவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். அவர்கள் புழுங்கலரிசி சாப்பிடுபவர்கள். எங்கள் அகத்தில் பச்சரிசிதான் உசத்தி. புழுங்கல் இட்லிக்கு மட்டும். கல்லூரியில் கோபாலன் பட்டியலைப் பார்த்த அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. பி-1 வைட்டமின் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், புழுங்கலில் 0.21. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு நாங்கள் பச்சரிசியை நாலு தரம் களைந்து, கஞ்சி வடித்துச் சாப்பிட்டோம். உசத்தி எது என்பதைக் கேள்வி கேட்காமல் எத்தனை தலைமுறை நம்பியிருக்கிறோம்! இன்று பம்பாய்த் தெருக்களில் ஹாரன் அடித்துக்கொண்டு சைக்கிளில் வரும் இட்லியில் பெரும்பகுதி தாராவி வீடுகளில் விடியுமுன் வெந்தது. செம்பூரில் நானும் வாங்குகிறேன். நன்றாகவே இருக்கிறது.

பால் விஷயம் தனிக்கதை. அந்த நாள் பம்பாயில் எருமைத் தொழுவங்கள் நகரத்துக்குள்ளேயே இருந்தன. பால் விலை அதிகம், தண்ணீரும் அதிகம். பால் கமிஷனராக இருந்த தாரா குரோடி என்ற பார்ஸிக்காரர் 1946-ல் ஒரு வேலை செய்தார். எருமைப்பாலில் கொழுப்பு சுமார் 7 சதவீதம். கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் தண்ணீரையும் கணக்காகச் சேர்த்தால் கொழுப்பு 3 சதவீதமாகிவிடும். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பசும்பால் அளவுக்கு நிற்கும். ஒரு லிட்டர் இரண்டு லிட்டருக்கு மேல் ஆகும், விலையும் இறங்கும். இதுதான் டோன்ட் மில்க். 1949-ல் ஆரே காலனி அமைத்து எருமைகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனதும் அவர்தான். 1963-ல் திரிபுவன்தாஸ் படேல், வர்கீஸ் குரியன் ஆகியோருடன் அவருக்கும் மக்சேசே விருது கிடைத்தது. மற்ற இருவரை நாடே அறியும். குரோடி பெயர் மறைந்துவிட்டது.

விடிகாலையில் பால் கார்டும் காலி பாட்டில்களுமாக பூத் வாசலில் நிற்பது என் வேலை. கண்ணாடி பாட்டில், அலுமினியத் தகடு மூடி. அம்மாவுக்கு அந்தப் பால் பிடிக்கவே இல்லை. "இது பாலா, பாலைக் காட்டின ஜலமா? ஒரு கரண்டி நெய் உருக்க முடியறதா?" என்பாள். நெய்தான் குறைந்தது, குழந்தைகளுக்கு வேண்டியது குறையவில்லை என்று பின்னாளில் நான் ரசாயனம் பேசியபோது, "நீ காலேஜுல படி, காப்பியை நான் குடிக்கறேன்" என்று முடித்துவிட்டாள்.

இந்தக் கணக்கு நோட்டுகளில் அம்மா ஒவ்வொரு நாளும் பாலைப் பிரித்து எழுதியிருக்கிறாள். எங்கள் ஐவர் பெயருக்கும் அப்பாவுக்கும் தனித்தனியாக அளவு. தயிருக்கு ஒரு அளவு. காப்பிக்கு ஒரு அளவு. அவள் பெயர் நான்கு நோட்டிலும் எங்கும் இல்லை. எனக்கு இது இத்தனை வருஷம் கண்ணில் படவில்லை, மாட்டுப்பெண்தான் காட்டினாள்.

நோட்டு சொல்லாததை நான் சொல்ல வேண்டும். 1967-ல் ஒரு நாள் மண்ணெண்ணெய் வரிசையில் அம்மா மயங்கி விழுந்தாள். அதற்கு முன்பே இரண்டு தடவை ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய், "வயசாகிறது, ஓய்வு எடுங்கள்" என்று சொல்லி அனுப்பப்பட்டவள். அவளுக்கு அப்போது வயது முப்பத்தெட்டு. ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் ஏழு. நாங்கள் ஐந்து பேரும் வயதுக்குத் தக்க வளர்த்தியாக ஓடிக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் போட்டது போக மிஞ்சிய சாதத்தை மோரும் ஊறுகாயுமாக மூன்று மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, பசியை அமர்த்தக் காப்பி குடித்திருக்கிறாள். உணவிலிருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதைக் காப்பி தடுக்கும் என்பது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. இரும்பு மாத்திரை ஆறு மாதம் சாப்பிட்டுத் தேறினாள். ரத்தசோகைத் தடுப்புக்கு மத்திய சர்க்கார் திட்டம் கொண்டுவந்தது 1970-ல். அரை நூற்றாண்டு கழித்து, 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

குறைந்த செலவில் சத்தாக வளர்த்தாள் என்று சொல்கிறோமே, அந்தச் செலவில் ஒரு பகுதி நோட்டில் ஏறவில்லை. "பெரியவர்கள் வகுத்த உணவு" என்று பந்தியில் பேசியதற்காக நான் இப்போது வருந்துகிறேன். எங்களை வளர்த்தது பாதி கும்பகோணம், கால் பங்கு மராட்டியக் காக்கு, மீதி ரேஷன் கடையும் குரோடியும்.

1968-ல் அப்பா பிரஷர் குக்கர் வாங்கினார். கஞ்சி வடிப்பது நின்றது. ஒரே சமயத்தில் சாதமும் பருப்பும் வெந்து, அம்மாவுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. அதன் பிறகுதான் அவள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவு. எழுபதுகளில் செம்பூருக்குக் குடிபெயர்ந்தோம். மாதுங்காவில் இடம் போதாமல் வந்த நம்மவர்கள் பலர் அப்போதே அங்கே இருந்தார்கள்.

ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக, இந்தியா கேட்டதன் பேரில், அறிவித்தது. அன்று முகம் சுளித்து வாங்கிய கம்பு இன்று செம்பூர்க் கடையில் பளபளக்கும் பாக்கெட்டில் அரிசியைவிட அதிக விலைக்கு இருக்கிறது. மாட்டுப்பெண் அதை நிறுத்திவிட்டுத் தானியமாகவே வாங்கி அரைக்க ஆரம்பித்திருக்கிறாள். மாத பட்ஜெட்டைக் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அதில் அவளுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவின் அடை அளவை உறவினர்கள் கேட்கிறார்கள். மைலோ இப்போது கிடைப்பதில்லை. வெள்ளைச் சோளம் போதும். சோளம் இரண்டு ஆழாக்கை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை ஆழாக்கு, உளுந்து கால் ஆழாக்கு, இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். மிளகாய் வற்றல், பெருங்காயம், உப்புடன் கரகரப்பாக அரைத்து, இரண்டு பிடி முருங்கைக்கீரை கலந்து, தடிமனாக வார்த்து நடுவில் ஓட்டை போட வேண்டும். அடுப்பு சின்னதாகவே எரியட்டும். சோளம் வேக நேரமாகும்.