பங்கு

ஞாயிற்றுக்கிழமை விடியப்புறத்தில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாய் அடிப்பது வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இன்னும் விட்டுப்போகாத வழக்கம். 'பங்கு இறைச்சி' என்பார்கள். நிலத்தில் வாழையிலை விரித்து, எத்தனை பேரோ அத்தனை கூறு போடுவார்கள். ஈரலில் ஒரு துண்டு, நெஞ்செலும்பில் ஒரு துண்டு, கொழுப்பிலும் குடலிலும் கொஞ்சம் என்று எல்லாம் எல்லாக் கூறிலும் விழும். ஈரலை மட்டும் தா என்று யாரும் கேட்கமுடியாது. வேண்டாத எலும்பையும் சேர்த்துத்தான் பங்கு. காசு கொடுத்தவனுக்குத்தான் கூறு. கூறு எடுத்தவன் காசு கொடுக்காமல் போகவும் முடியாது.

அகராதியில் 'பாகம், பகுதி' என்று இரண்டு சொல்லில் முடிந்துபோகிற இந்தச் சொல்லுக்கு ஊரில் இருக்கும் பொருள் இவ்வளவு கனமானது. வடமொழிப் 'பங்க'த்தோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ பகு, பகுதி, பகிர்வு என்ற குடும்பத்தில்தான் இது பிறந்திருக்கவேண்டும் என்று படுகிறது. பக்தி இலக்கியத்தில் சிவன் 'உமைபங்கன்'. தஞ்சைப் பக்கத்து மிராசுக் கிராமங்களில் நிலமே பங்குக் கணக்கில்தான் இருந்தது. கத்தோலிக்கருக்குக் கோயிற்பற்று ஒரு பங்கு, அதற்கொரு பங்குத்தந்தை. கொழும்புப் பங்குச் சந்தை கடைசியாக வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழர் அதிகம் கவனிக்காத ஒரு பயணமும் இதற்கு உண்டு. சிங்களத்தில் இது 'பங்குவ'. பங்கு உடையவர் 'பங்குகாரயா'. அதன் முடிவு நம்முடைய 'காரன்' விகுதியை நினைவூட்டுகிறது. அங்கிருந்து ஆங்கிலத்தில் எழுதிய இலங்கைச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. விகாரை, தேவாலயக் காணிகளில் ஊழியம் செய்து குடியிருந்தவர்களின் உரிமையை வரையறுத்த 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் 'பிரவேணி பங்கு', 'மாறுவென பங்கு' என்று இரண்டு வகை வருகின்றன. முன்னது பரம்பரை உரிமை, பின்னது காணிக்காரர் விருப்பத்தில் தங்கியிருப்பது. இரண்டிலும் காணி அனுபவிப்பவருக்கு ஊழியக் கடமை உண்டு. காணியும் கடமையும் ஒரே சொல்லுக்குள் இருந்தன.

காணியும் கடமையும் அப்படிச் சேர்ந்திருந்த இன்னோரிடமான குளத்துக்கு வருவோம். வவுனியாவின் தெற்கு எல்லையைத் தாண்டினால் நுவரகலாவிய. அங்கே 'புல் எலிய' என்ற ஒரே ஒரு குளத்து ஊரில் 1954இல் தங்கி ஆராய்ந்தார் பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச். 1961இல் வந்த அவருடைய நூலில் 'பங்கு' திரும்பத் திரும்ப வருகிறது. வயலில் இத்தனை பங்கு வைத்திருப்பவர், அந்தக் கணக்குக்கு ஏற்றபடி குளக்கட்டில் இவ்வளவு நீளத்தையும் வேலியில் இவ்வளவு நீளத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். சொல் தமிழிலிருந்து போனது. ஏற்பாட்டை யார் யாரிடம் கற்றார்கள் என்று கேட்பது வீண்வேலை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மழை, ஒரே மண்கட்டு.

கட்டில் ஒரு துண்டைப் 'பார்த்துக்கொள்வது' என்றால் என்ன? மாரிக்கு முன்னர் பற்றை வெட்டவேண்டும். மரம் பெருத்துப் பிறகு பட்டுப்போனால் வேர் உக்கி, அது இருந்த வழியே தண்ணீர் கசியும், கசிவு ஓட்டையாகும், ஓட்டை உடைப்பாகும். கறையான் புற்றையும் எலி வளையையும் தோண்டி இடித்து மண் அடைக்கவேண்டும். மாடு ஏறி இறங்கிச் சரிந்த இடத்துக்குக் கடகத்தில் மண் சுமக்கவேண்டும். துருசு வாயில் சேர்ந்த சேற்றை அள்ளவேண்டும். ஒருவர் தன் துண்டை விட்டுவிட்டால் அந்த இடத்தில்தான் கட்டு முறியும், ஆனால் தண்ணீர் எல்லோருக்கும் போய்விடும். முறிந்த குளங்களை வன்னி மறக்கவில்லை. தண்ணிமுறிப்பு என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கிறது.

1832இல் இலங்கையில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் போனது நல்லதுதான். ஆனால் குளக்கட்டு வேலைக்கு ஆளை அழைக்கும் அதிகாரமும் அதோடு போய்விட்டது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நெற்காணி நீர்ப்பாசனத்தில் பழைய வழமைகளை மீட்டு நடைமுறைப்படுத்த வழிசெய்தது. இரண்டே வருடம் கழித்து, 1858இல், சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்து குடிமராமத்துக்குச் சட்டப் பலம் கொடுத்தது. இரண்டிடத்திலும் பிரித்தானியர், ஒரே கவலை. பெயர் மட்டும் வேறு. 'மராமத்து' அரபியிலிருந்து வந்த சொல், பழுதுபார்ப்பது என்று பொருள். குடிமராமத்து என்பது குடிகள் செய்யவேண்டிய வேலையைச் சொல்கிறது. அவர்களுக்கு அதில் என்ன உண்டு என்று சொல்வதில்லை. 2017இல் தமிழ்நாட்டு அரசு அதே பெயரில் திட்டம் தொடங்கியபோது விவசாயிகள் செலவில் பத்து வீதம் தரவேண்டும் என்று வைத்தது. பங்கு என்ற சொல்லுக்கு இரண்டு முகமும் உண்டு, தருவதும் பெறுவதும்.

வன்னியில் அந்த இரண்டு முகமும் ஒன்றாகத் தெரிவது சிறுபோகத்தில். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். எல்லோரும் தங்கள் தங்கள் வயலை விதைப்பார்கள். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர்தான் கதி. கூட்டம் கூடி, குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் செய்யலாம் என்று முடிவெடுப்பார்கள். பிறகு குறிப்பிட்ட வாய்க்கால்களின் கீழுள்ள வயல்களை மட்டும் எடுத்து, அவற்றை எல்லாக் கமக்காரருக்கும் பங்கு பிரிப்பார்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் இன்றும் 'சிறுபோகப் பங்கு' என்றால் இதுதான். உங்கள் சொந்த வயலில் அந்தப் போகம் வேறொருவர் விதைப்பார்; நீங்கள் கேட்டால் உங்களுக்கும் ஒரு பங்குதான். பங்கை விற்றார்கள், குத்தகைக்கு விட்டார்கள், செய்யாதவருக்குக் கொடுத்தார்கள் என்று வருடம் தவறாமல் சண்டை வரும். சண்டை வருவதை நான் குறையாக எண்ணவில்லை. உயிரோடு இருக்கிற சொல்லுக்காகத்தான் ஆட்கள் சண்டை பிடிப்பார்கள்.

1958இன் நெற்காணிச் சட்டம் பழைய நீர்ப்பாசன விதானைமாரை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. இப்போது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த கமக்காரர் அமைப்புகள். 200 ஏக்கருக்கு உட்பட்ட பாசனப் பரப்புள்ள குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். கட்டின் துண்டுக் கணக்கு இந்த மாற்றங்களில் மெல்ல மெல்லக் கரைந்தது. மிச்சத்தைப் போர் கொண்டுபோனது. 2009 சனவரியில் கல்மடுக்குளக் கட்டு உடைக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் வன்னியே வெறுமையானது. திரும்பி வந்தவர்களிடம் மண்வெட்டியும் இல்லை, விதைநெல்லும் இல்லை. அந்த நேரம் உலக வங்கிப் பணத்தில் நாட்கூலி கொடுத்து வாய்க்காலும் குளக்கட்டும் துப்புரவாக்கியது தவறென்று எவராவது சொன்னால் அவர் அந்த வருடத்தை அறியாதவர். ஆனால் தன் கட்டுக்குத் தானே கூலி வாங்கிய பழக்கம் அதற்குப் பிறகும் நீடித்தது.

அப்போதுதான் பங்கு என்ற சொல் கடிதத் தாளில் மறுபிறவி எடுத்தது. 'சமூகப் பங்களிப்பு', 'பங்குபற்றல்', எல்லாவற்றுக்கும் மேலாகப் 'பங்குதாரர்'. திட்ட அறிக்கைகளில் திணைக்களங்கள், தொண்டு நிறுவனங்கள், பல்கலைக்கழகம், கொடையாளர் எல்லோரும் பங்குதாரர்கள். இவர்களில் ஒருவருக்கும் கட்டில் ஒரு முழம் இல்லை. குளம் உடைந்தால் எவருக்கும் ஒரு மூட்டை நெல் குறையாது.

பழைய பங்குக்கும் ஒரு குறை இருந்தது, அதையும் சொல்லியாகவேண்டும். அது கட்டோடு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அது போதும். மேலே காடு, காட்டை யாரும் தொடவில்லை. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கே வந்து, 1902இல் தொடங்கி 1920இல் முடித்த இரணைமடுவை நிரப்பி, சுண்டிக்குளம் நீரேரியில் விழுகிறது. இந்த ஆற்றுத் தண்ணீரில் யாழ்ப்பாணத்துக்கும் குடிக்கக் கொடுப்பதா என்று 2013ஐ ஒட்டிக் கிளிநொச்சிக் கமக்காரர் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. இருக்கிற தண்ணீரில் யாருக்குப் பங்கு என்று இவ்வளவு பேசினோம். தண்ணீர் வருகிற வழியில் யாருக்குப் பங்கு என்று பேசவில்லை. ஆற்றில் மணல் அள்ளுகிறார்கள், நீரேந்துப் பகுதியில் கிரவல் வெட்டுகிறார்கள். மண் குளத்துக்கு வந்து படிகிறது. மேலே வவுனியா வடக்கில் இருக்கும் சிறு குளங்கள் தூர்ந்தால் அவற்றில் தங்கவேண்டிய சேறும் கீழேதான் வரும். அந்தக் குளங்களின் கட்டில் கிளிநொச்சிக் கமக்காரருக்கு ஒரு துண்டும் கிடையாது. கேட்டால், அது வேறு மாவட்டம் என்பார்கள்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர் கணக்குப் பேசி முடிந்ததும் மேல்குளங்களுக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி யாராவது எழும்பிக் கேட்டால், அதற்குப் புதிதாக ஒரு கலைச்சொல் ஆக்கவேண்டிய தேவை இராது. ரசீதில் எழுதப் பழைய சொல்லே போதும்.