காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோடு: பயணமும் வணிகமும்

காஷ்மீரைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து மக்களும் சரக்கும் சென்றுவர இந்தியாவும் பாகிஸ்தானும் செய்திருந்த ஏற்பாடு. 1947 போரில் அடைபட்ட ஜீலம் பள்ளத்தாக்குச் சாலையில், 2005 ஏப்ரல் 7 அன்று ஸ்ரீநகர்–முசாஃபராபாத் பேருந்துச் சேவை தொடங்கியது. பயணிகள் அமன் சேது பாலத்தை நடந்தே கடந்து, மறுபுறம் வேறு பேருந்தில் ஏறினர். கடவுச்சீட்டும் விசாவும் கேட்டிருந்தால், கோட்டைச் சர்வதேச எல்லையாக ஏற்றதாகிவிடும். அதனால் நுழைவு அனுமதிச் சீட்டே போதும் என்றாயிற்று. காஷ்மீர் யாருக்கு என்ற வழக்கைத் தொடாமலே, பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைத்த இந்த வழிதான் ஏற்பாட்டின் ஆகச்சிறந்த கூறு.

2008 அக்டோபர் 21 முதல் சலாமாபாத், சக்கன்-தா-பாக் வழியாகச் சரக்கு லாரிகளும் சென்றன. 21 வகைப் பொருள்களுக்கு வரியில்லாத அனுமதி. பணம் கைமாறவில்லை, முழுக்கப் பண்டமாற்று. வங்கி வழிப் பணப்பட்டுவாடா இல்லாதது வணிகர்களுக்குப் பெரிய முட்டுக்கட்டை. ஆயுதம், போதைப்பொருள், கள்ளநோட்டுக் கடத்தலுக்கு இவ்வழி பயன்படுவதாகக் கூறி, புல்வாமா தாக்குதலுக்குப் பின் 2019 ஏப்ரலில் இந்தியா வணிகத்தை நிறுத்தியது.