கந்தகத் தகட்டிலிருந்து ஒளிப்புள்ளி வரிசை வரை

1930-களின் நடுப்பகுதியில், நியூயார்க் நகரத்து அலுவலகம் ஒன்றில் ஒரு பத்திரத்துக்குப் பிரதி வேண்டுமென்றால், அதைத் தட்டச்சுப் பொறியில் முதலிலிருந்து மறுபடியும் அடித்து, அடித்ததை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்புநோக்கிப் பிழை திருத்த வேண்டும். படங்களாயின், போட்டோ எடுக்கும் நிலையத்துக்கு அனுப்பி, அங்கே ஈரத் தாளைக் கழுவி உலர்த்திக் கொடுக்கும் வரையில் காத்திருக்க வேண்டும். பி. ஆர். மல்லோரி என்ற மின்சாதனக் கம்பெனியின் காப்புரிமைப் பகுதியில் நாள் முழுவதும் இத்தகைய பத்திரங்களோடும் வரைபடங்களோடும் உழன்றுகொண்டிருந்த செஸ்டர் கார்ல்சன் என்ற இளைஞருக்கு, பார்வைக் குறைவும், முதுகெலும்பில் தொடங்கிவிட்ட வாத நோயும் சேர்ந்து, இந்தப் பிரதியெடுக்கும் வேலையை ஒரு தினசரித் துன்பமாகவே ஆக்கியிருந்தன.

கார்ல்சன் 1906-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி சியாட்டில் நகரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர். க்ஷயரோகமும் வாதமும் தந்தையைப் படுக்கையில் தள்ளிவிட்டதால், பள்ளிப் பிராயத்திலேயே கூலி வேலை செய்து குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவருக்கு வந்து சேர்ந்தது. பதினேழாம் வயதில் தாயையும் அதே க்ஷயரோகத்துக்குப் பறிகொடுத்தார். சிறுவனாக ஓர் அச்சுக்காரரிடம் வேலை பார்த்தபோது பழைய அச்சுப்பொறி ஒன்றை வாங்கிக்கொண்டு, இரசாயனத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கென ஒரு சிறு பத்திரிகையை நடத்திப் பார்த்தார் என்பதும், எழுத்தைத் தாளில் ஏற்றுவதிலுள்ள சிரமம் அப்போதே அவர் மனத்தில் பதிந்துவிட்டது என்பதும் பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கு வித்தாயின. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் 1930-இல் பௌதிகப் பட்டம் பெற்ற அவர், பொருளாதார மந்தத்தின் நடுவில் எண்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு விண்ணப்பம் எழுதி ஏமாற்றம் அடைந்து, கடைசியில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து, அதையும் 1933-இல் இழந்து, மல்லோரி கம்பெனியை வந்தடைந்தார். இரவு நேரங்களில் சட்டமும் பயின்றார்.

பிரதியெடுக்க ஓர் எளிய மார்க்கம் வேண்டும் என்று தீர்மானித்த பிறகு அவர் நாடிய இடம் நியூயார்க் பொது நூலகம். இரசாயன முறைப் போட்டோகிராபியைப் பெரிய கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்கள் ஏற்கெனவே உழுது முடித்துவிட்டன என்று கணித்து, அவர்கள் திரும்பிப் பாராத மின்சாரத் துறையில் தேடலானார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லிக்டென்பெர்க், மின்னூட்டம் பெற்ற பிசின் பரப்பில் தூசி படியும்போது விசித்திரமான நட்சத்திர வடிவங்கள் தோன்றுவதைக் கண்டிருந்தார். செலினியம் என்ற தனிமத்தின் மீது வெளிச்சம் பட்டால் அது மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது என்பது 1873 முதல் தெரிந்திருந்தது. ஹங்கேரிய விஞ்ஞானி பால் செலெனி, மின்காப்புப் பரப்பொன்றில் மின்னேற்றத்தால் எழுதி, அதன்மேல் மென்தூளைத் தூவி உருவத்தைக் காணும் முறையை வெளியிட்டிருந்தார். ஒன்றோடொன்று தொடர்பற்றுக் கிடந்த இச்செய்திகளை ஒரே கயிற்றில் கோத்ததுதான் கார்ல்சனின் மேதை. ஒளி பட்டால் மட்டும் மின்சாரம் கடத்தும் ஒரு பொருளைத் தகட்டில் பூசி, அதற்கு இருட்டில் மின்னூட்டம் கொடுத்து, பிரதி செய்யவேண்டிய பக்கத்தின் பிம்பத்தை அதன்மேல் விழச் செய்தால், வெள்ளைப் பகுதியின் ஒளி விழுந்த இடமெல்லாம் மின்னூட்டம் கழிந்துபோகும். எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் அது தங்கும். தங்கிய இடத்தில் தூள் ஒட்டும். 1937 அக்டோபரில் இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை கோரி அவர் விண்ணப்பித்தபோது, அதைச் செய்து காட்டும் ஒரு கருவிகூட அவரிடம் இல்லை.

வீட்டுச் சமையலறை அடுப்பில் கந்தகத்தை உருக்கித் தகட்டில் பூச முயன்றதில் அழுகிய முட்டை நாற்றம் குடியிருப்பெங்கும் பரவியதே முதற்பலன். தமக்குக் கைத்திறன் போதாது என்பதை உணர்ந்த கார்ல்சன், ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்து வேலையின்றி இருந்த ஓட்டோ கோர்னை என்ற பௌதிகரைத் தம் சொற்ப வருமானத்திலிருந்து சம்பளம் கொடுத்து அமர்த்திக்கொண்டு, குவீன்ஸ் பகுதியின் அஸ்டோரியாவில் ஒரு சிறு அறையில் பரிசோதனையைத் தொடர்ந்தார். 1938 அக்டோபர் 22-ஆம் தேதி, கோர்னை ஒரு கண்ணாடிச் சில்லில் அன்றைய தேதியையும் அஸ்டோரியா என்ற பெயரையும் மையால் எழுதினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் அழுந்தத் தேய்த்து மின்னூட்டம் ஏற்றினார். சில்லைத் தகட்டின்மேல் வைத்துச் சில விநாடிகள் பிரகாசமான விளக்கின் கீழ்ப் பிடித்தார். சில்லை எடுத்துவிட்டு, லைக்கோபோடியம் என்னும் தாவரத்தின் வித்துத்தூளைத் தூவி, மெல்ல ஊதினார். உபரித்தூள் பறந்துபோக, எழுதிய எழுத்துகள் தகட்டில் நின்றன. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்திச் சூடாக்கியதும் எழுத்து தாளுக்கு வந்தது. தற்செயலன்று என்பதை உறுதி செய்துகொள்ள மறுபடியும் செய்து பார்த்துவிட்டு, இருவரும் பகல் உணவுக்குச் சென்றார்கள்.

கோர்னைக்கு இதில் நம்பிக்கை பிறக்கவில்லை. வருங்கால வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தமக்கு என்றிருந்த உடன்படிக்கையை நட்புடனேயே கைவிட்டு, வேறு வேலை தேடிப் போனார். அவரைக் குறைகூற நியாயமில்லை. உலகப் பெருங் கம்பெனிகளே அதே முடிவுக்கு வந்தன. ஐ.பி.எம்., கோடாக், ஜெனரல் எலக்ட்ரிக், ஆர்.சி.ஏ. உள்ளிட்ட இருபதுக்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் அந்த மங்கலான எழுத்தைப் பார்த்துவிட்டுக் கைவிரித்தன. 1942 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது, வாங்குவார்தாம் இல்லை. 1944-இல், வேறொரு காப்புரிமை விஷயமாக மல்லோரி அலுவலகத்துக்கு வந்திருந்த ரஸ்ஸல் டேட்டன் என்ற ஆராய்ச்சியாளரிடம் கார்ல்சன் தம் காகிதங்களைக் காட்டப்போய், டேட்டன் பணியாற்றிய, ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் பாட்டெல் நினைவு ஆய்வுக்கழகம் இதை ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்தில் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் விரைந்து போய்விடுகிறார்கள். அது அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம். அஸ்டோரியாவில் பிறந்தது ஒரு தத்துவம். அதைக் கருவியாக்கியவர்கள் பாட்டெல் கழகத்தார். கந்தகத்துக்கு ஒளியுணர்வு மிகக் குறைவு. அதன் இடத்தில், வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த செலினியப் படலம் பன்மடங்கு வேகமாக ஒளிக்கு இசைகிறது என்று வில்லியம் பிக்ஸ்பி கண்டார். கைக்குட்டையால் தேய்ப்பதற்குப் பதிலாக, உயர் மின்னழுத்தம் பாயும் மெல்லிய கம்பியைத் தகட்டின் மேலாக நகர்த்தி, பரப்பு முழுவதிலும் சமமாக மின்னூட்டம் ஏற்றும் உபாயம் உருவாயிற்று. தூளோ எல்லாவற்றிலும் கடினமான பிரச்சினை: தனித்தூள் எழுத்தில்லாத இடங்களிலும் படிந்து தாளை அழுக்காக்கியது. சற்றுப் பெரிய மணிகளோடு கரும்பிசின் தூளைக் கலந்தால், உராய்வினால் இரண்டும் எதிரெதிர் மின்னூட்டம் பெற்று, தூள் மணிகளில் ஒட்டிக்கொள்கிறது. எழுத்துள்ள இடத்தின் வலுவான ஈர்ப்பு மட்டுமே அதை மணியிலிருந்து பிரித்துக்கொள்கிறது. எட்வர்ட் வைஸும் லூயிஸ் வாக்கப்பும் வகுத்த இந்த ஏற்பாடு இல்லையேல், இன்று டோனர் என்று நாம் கூறும் பொருளே இல்லை.

நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், கோடாக் கம்பெனியின் நிழலில் போட்டோ காகிதம் செய்து ஜீவித்திருந்த ஹாலாய்டு என்ற சிறு கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் ஜான் டெஸ்ஸாவர், ஒரு பத்திரிகைக் கட்டுரைச் சுருக்கத்தின் வாயிலாக இதை அறிந்தார். அதன் இளந்தலைவர் ஜோசப் வில்சன் கொலம்பஸுக்கு நேரில் சென்று பார்த்துவிட்டு, 1947-இல் உரிமை பெற்றார். உலர் எழுத்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி இம்முறைக்குச் 'செரோகிராபி' எனப் பெயர் சூட்டி, அஸ்டோரியா நிகழ்ச்சி நடந்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த 1948 அக்டோபர் 22 அன்று, டெட்ராய்ட் நகரில் ஒளியியல் சங்கக் கூட்டத்தில் பகிரங்கமாகச் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த முதற்கருவி பல படிகளைக் கையால் செய்யவேண்டிய ஒன்றாகையால் பிரதியெடுக்க எவரும் விரும்பவில்லை. ஆப்செட் அச்சுக்கு மூலத்தகடு தயாரிக்க உதவியதால் மட்டுமே அது பிழைத்தது. 1947-க்கும் 1960-க்கும் இடையில் அச்சிறு கம்பெனி இந்த ஆராய்ச்சியில் செலவிட்டது ஏறத்தாழ 7.5 கோடி டாலர். அது தன் மற்றத் தொழிலில் ஈட்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு.

அந்தத் தியாகத்தின் பயன் 1959 செப்டம்பர் 16 அன்று நியூயார்க்கின் ஷெர்ரி நெதர்லாந்து ஹோட்டலில் காட்சிக்கு வந்த 914 என்ற இயந்திரம். 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமும் உள்ள தாள் வரையில் எடுக்கக்கூடியதாகையால் அப்பெயர். சுமார் 650 பவுண்டு எடை. நிமிஷத்துக்கு ஏழு பிரதி. செலினியம் பூசிய உருளையில் எஞ்சிய தூளைத் துடைக்க முயல்ரோமத் தூரிகை. தாள் சிக்கிக் கருகினால் அணைக்க ஒரு சிறு தீயணைப்புக் கருவி. பெரும்பாலும் விலைக்குக் கொடுக்காமல் மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்ததால், துணிந்து எடுத்தவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பிரதியெடுத்தார்கள். 1961-இல் கம்பெனியே, செரோகிராபி என்ற சொல்லிலிருந்து பிறந்த செராக்ஸ் என்ற பெயருக்கு மாறியது; நம் ஊர்த் தெருமுனைகளில் நிற்கும் ஜெராக்ஸ் கடைகளின் பெயர் அங்கிருந்து வந்ததே. பெருஞ்செல்வரான கார்ல்சன், வேதாந்தத்திலும் பௌத்தத்திலும் மனம் தோய்ந்து, ஏறத்தாழ பத்துக் கோடி டாலரைத் தம் பெயர் வெளிவராமல் தான தர்மங்களில் கரைத்துவிட்டு, 1968 செப்டம்பர் 19 அன்று நியூயார்க்கில் ஒரு திரைப்பட அரங்கில் அமர்ந்தபடியே காலமானார். நெடுநாளுக்கு முன்னரே பிரிந்துபோன கோர்னைக்கு நூறு பங்குகளை அவர் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது.

மூலத்தாளின் பிம்பத்தை உருளையில் விழச்செய்வதற்குப் பதிலாக, எழுத்தை ஒளியாலேயே உருளையில் எழுதினால் என்ன என்ற எண்ணம் செராக்ஸின் கேரி ஸ்டார்க்வெதருக்குத் தோன்றியது. மேலதிகாரிகளின் எதிர்ப்பைக் கடந்து, 1971-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்துக்கு மாறி, லேசர் கற்றையை வேகமாகச் சுழலும் பலமுகக் கண்ணாடியில் மோதவிட்டு, வரிவரியாக உருளையில் எழுதும் அச்சுப்பொறியை அவர் உருவாக்கினார். 1975-இல் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷனோடு ஏற்பட்ட சமரசத்தால் செராக்ஸ் தன் காப்புரிமைகளைப் பிறருக்குத் திறந்துவிட நேர்ந்தது. அதற்கு முன்னரே கேனன் முதலிய ஜப்பானியக் கம்பெனிகள் வேறு வழியாக இத்துறையில் புகுந்திருந்தன. 1984-இல் கேனன் இயந்திரத்தை உள்ளே கொண்டு வெளிவந்த ஹ்யூலெட் பேக்கார்டின் லேசர்ஜெட், அச்சுப்பொறியை மேஜைமேல் ஏற்றியது.

லேசர் கற்றையைச் சுழற்ற நுட்பமான கண்ணாடியும், அதைச் சுழற்றும் மோட்டாரும், கற்றை விரிந்து செல்ல நீண்ட ஒளிப்பாதையும் வேண்டும். இவை அனைத்தையும் நீக்கி, தாளின் அகலம் முழுவதற்கும் ஒரு புள்ளிக்கு ஒரு விளக்கென வரிசையாக அமைத்துவிட முடியுமா என்ற கேள்விக்கு, 1881 முதல் தொலைபேசித் தொழிலில் வேரூன்றியிருந்த டோக்கியோவின் ஓக்கி எலக்ட்ரிக் கம்பெனியார், சரியாக நூறாண்டு கழித்து, 1981-இல், எல்.இ.டி. என்னும் ஒளி உமிழும் டையோடுகளால் இயங்கும் அச்சுப்பொறியை வெளியிட்டு விடை கூறினார்கள். கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் டையோடை 1962-இல் நிக் ஹோலன்யாக் செய்து காட்டிய பின் இருபதாண்டுகூட ஆகவில்லை.

சொல்லுக்கு எளிது, செயலுக்கு மிகக் கடினம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் ஒரு பக்க அகலத்துக்குச் சுமார் 2,500 விளக்குகள். 600 புள்ளி என்றால் 5,000. அத்தனையும் ஒரே அளவில் ஒளிர வேண்டும். சில விளக்குகள் மங்கினால், பக்கம் முழுவதிலும் மேலிருந்து கீழாக வெளிறிய கோடு விழும். ஆகவே ஒவ்வொரு விளக்கின் ஒளியையும் அளந்து, அதற்கேற்பச் செலுத்தும் மின்சாரத்தைத் திருத்தும் ஏற்பாட்டைச் செய்தார்கள். பூ தொடுப்பவர் இரு சரங்களைச் சேர்க்கும் இடம் தெரியாமல் தொடுப்பதுபோல, விளக்குகள் பொதிந்த சிறு சில்லுகளைத் தலைமாடு கால்மாடாகப் பொருத்தும்போது, இணையும் இடத்திலும் புள்ளிகளின் இடைவெளி பிசகாமல் அமைத்தார்கள். உள்ளிருந்து ஓரம் வரையில் ஒளிவிலகல் சிறிது சிறிதாக மாறும் மெல்லிய கண்ணாடித் தண்டுகளைக் கற்றையாக அடுக்கி, விளக்குக்கும் உருளைக்கும் இடையே சில மில்லிமீட்டர் தூரத்திலேயே பிம்பத்தைக் குவிக்கச் செய்தார்கள்.

இதனால் கிடைத்த லாபம் வண்ண அச்சில் நன்கு வெளிப்பட்டது. மஞ்சள், செந்நீலம், பசுநீலம், கறுப்பு ஆகிய நான்குக்கும் நான்கு உருளை, விளக்கு வரிசை பொதிந்த நான்கு ஒளித்தலை என்று அடுத்தடுத்து நிறுத்தி, தாளை நேர்கோட்டில் ஒரே முறை ஓடவிட்டே வண்ணப்பக்கத்தை முடிக்க முடிந்தது. இடம் பிடிக்காத ஒளித்தலை இருந்ததாலேயே அது சிறிய பெட்டிக்குள் அடங்கிற்று. 2006-இல் ஓக்கி கம்பெனியார் மற்றொரு படி ஏறினார்கள். அதுவரையில் ஒளிச்சில்லையும் அதை இயக்கும் சிலிக்கன் சில்லையும் ஆயிரக்கணக்கான நுண்கம்பிகளால் இணைத்து வந்தவர்கள், மைக்ரோமீட்டர் கணக்கிலான மெல்லிய ஒளிப்படலத்தை உரித்தெடுத்து, பசையேதும் இன்றி, மூலக்கூறுகளின் ஈர்ப்பினாலேயே சிலிக்கன்மேல் ஒட்டி, அக்கம்பிகளை ஒழித்துவிட்டார்கள். இவ்வேலையைச் செய்த பொறியியலாளர்களின் பெயர்கள் பாடப்புத்தகங்களில் இல்லை. கார்ல்சனுக்குரிய கீர்த்தியில் ஒரு பங்கு இவர்களுக்கும் பாட்டெல் கழகத்தாருக்கும் சேர வேண்டும் என்பதே என் துணிபு.

வாசகர்களில் எவரேனும் தம் அலுவலகத்து அச்சுப்பொறி எவ்வகையைச் சேர்ந்தது என்று அறிய விரும்பினால், மேல்மூடியைத் திறந்து பார்க்கலாம். மூடியின் அடிப்புறத்தில், உருளைக்கு நேராக இறங்கும் நீண்ட மெல்லிய கண்ணாடிக் கோடு கொண்ட சட்டம் தொங்குமானால் அது எல்.இ.டி. பொறியாகவே இருக்கும். பார்த்தவுடன் மூடிவிடுங்கள், ஒளியை உணர்வதற்கென்றே செய்யப்பட்ட அவ்வுருளை, அறையின் வெளிச்சத்தில் சில நிமிஷம் கிடந்தாலே பழுதாகிவிடும்.