வாசகரை உண்டாக்கிய மாயக்கதை

வட இந்தியாவில் நாகரி எழுத்தில் படிக்கும் பழக்கம் பரவியதற்குக் காரணம் கேட்டால், பள்ளிகளையும் மொழி இயக்கங்களையும் அரசாணைகளையும் சொல்வது வழக்கம். அவற்றோடு ஒரு மாயக்கதைக்கும் சம இடம் தர வேண்டும் என்பது என் வாதம். காசியில் வாழ்ந்த தேவகிநந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ 1888இல் வெளிவரத் தொடங்கியதாக இலக்கிய வரலாறுகள் குறிக்கின்றன. நௌகட் இளவரசன் வீரேந்திரசிங், விஜயகட் இளவரசி சந்திரகாந்தா ஆகியோரின் காதலும், அதைக் குலைக்கத் துடிக்கும் குரூர்சிங்கின் சூழ்ச்சியும், மாறுவேடத்தில் கைதேர்ந்த ‘ஐயார்’ என்னும் ஒற்றர்களின் சாகசமும், புதையலைக் காக்கும் ‘திலிஸ்ம்’ என்னும் மர்மக் கோட்டையும் சேர்ந்தது இக்கதை. இதைத் தொடர்ந்து வந்த ‘சந்திரகாந்தா சந்ததி’ 24 பாகங்களாக நீண்டது.

இக்கதைக்குக் கிடைத்த வரவேற்பின் பொருளை உணர, அன்றைய வடமேற்கு மாகாணங்களின் நிலையை நினைக்க வேண்டும். நீதிமன்றங்களில் உருதுவே வழங்கியது. அரசு வேலையை நாடிய குடும்பங்கள், இந்துக்களாயினும், பிள்ளைகளுக்கு உருதுவும் பாரசீகமும் கற்பித்தன. நாகரிக்கு நீதிமன்றங்களில் அனுமதி கிடைத்தது 1900இல்தான். அதாவது, ‘சந்திரகாந்தா’ வந்தபோது நாகரி கற்றவருக்குச் சம்பளமோ பதவியோ பெரிதாகக் காத்திருக்கவில்லை. அப்படியிருந்தும் வாசகர்கள் திரண்டார்கள் என்றால், அவர்களை இழுத்தது கதைச் சுவையே. நூல் விற்பனையில் கிடைத்த வரும்படியின் பலத்தில் 1898இல் கத்ரி சொந்தமாக லஹரி அச்சகத்தை நிறுவினார். கோபால்ராம் கஹ்மரி 1900இல் துப்பறியும் கதைகளுக்கென்றே ‘ஜாசூஸ்’ இதழைத் தொடங்கினார். பொழுதுபோக்குக் கதையை நம்பி இந்தியில் முதல் போடலாம் என்ற துணிவு இப்படித்தான் வேரூன்றியது.

கத்ரியின் கதைகள் தாஸ்தான் என்னும் உருது நெடுங்கதைகளிலிருந்து எடுத்த இரவல் சரக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் ‘திலிஸ்மே ஹோஷ்ருபா’ என்னும் தாஸ்தானைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டது உண்மை, ஐயாரும் திலிஸ்மும் அந்த மரபிலிருந்து வந்தவையே. ஆனால் தாஸ்தானில் மந்திரவாதி கட்டும் மாய உலகம், கத்ரியிடம் பழங்கால மன்னர்களின் கைவினைஞர்கள் பொறிகளும் விசைகளும் வைத்துக் கட்டிய கோட்டையாக மாறுகிறது. ஐயாரின் பலம் மயக்கப் பொடியிலும் வேடத்திலும் சமயோசிதத்திலும் இருக்கிறது. சுனார், விஜயகட் போன்ற கோட்டைகள் விந்திய மலைச்சாரலில் கண்ணால் காணக்கூடியவை. சகியா, நௌகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்து அங்கே திரிந்தவர் கத்ரி. தெரிந்த மண்ணில், பேச்சுக்கு நெருக்கமான எளிய நடையில் நிகழ்ந்ததால் இந்த அதிசயம் வாசகருக்குச் சொந்தமானது.

உருது மட்டும் அறிந்தவர்கள் ‘சந்திரகாந்தா’வைப் படிக்கவென்றே இந்தி கற்றார்கள் என்று சொல்லப்படுவது மிகையல்லவா? எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் சாட்சி வலுவானது. 1929இல் இந்தி இலக்கிய வரலாற்றை எழுதிய ராமச்சந்திர சுக்லர், சம்பவங்களின் விறுவிறுப்பையே நம்பிய இந்நாவல்களை உயர்ந்த இலக்கியமாக ஏற்கவில்லை. அவரே, கத்ரி அளவுக்கு வாசகர்களை உண்டாக்கியவர் வேறெவரும் இல்லை என்றும், பலர் இதற்காக இந்தி கற்றார்கள் என்றும் பதிவு செய்தார். பாராட்ட விரும்பாதவர் தரும் சான்றுக்கு மதிப்பு அதிகம். 1893இல் காசியில் தோன்றிய நாகரி பிரசாரிணி சபையின் உழைப்பையோ பள்ளிகளின் பங்கையோ இது குறைக்காது. பள்ளி எழுத்தறிவிக்கும், அடுத்த பாகம் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஆவலை ஊட்டுவது கதைதான்.

பிரேம்சந்த் 1910களின் இறுதியில் உருதுவிலிருந்து இந்தி நாவலுக்கு வந்தபோது, நாவல் படித்துப் பழகிய கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அவர்கள் எல்லோரும் ‘சந்திரகாந்தா’ வழியே வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரத்தை அளந்து நூல்களை அடுக்கும் இலக்கிய வரலாறு, அந்தத் தரத்தை நாடி வந்த வாசகர் எங்கே பயின்றார் என்பதையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்காத வரலாறு எழுத்தாளர்களின் வரலாறு மட்டுமே. வாசிப்பின் வரலாறு ஆகாது.